மல்டிஃபங்ஷன் டெஸ்டர் வாங்கும் முன்: எந்த எண்ணை வைத்து முடிவெடுக்கப் போகிறீர்கள்?

வயரிங் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் பல சோதனைகளை ஒரே பெட்டியில் செய்யும் மீட்டர்தான் மல்டிஃபங்ஷன் டெஸ்டர். நாலைந்து டெஸ்டர்களின் விவரக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். கண்டின்யூட்டி (கம்பி அறுபடாமல் தொடர்கிறதா) உண்டு, இன்சுலேஷன் (கம்பியின் உறை மின்சாரத்தை வெளியே விடாமல் தாங்குகிறதா) உண்டு, லூப் (ஷார்ட் ஆனால் மின்னோட்டம் சுற்றிவரும் மொத்தப் பாதையின் தடை) உண்டு, ஆர்சிடி உண்டு, ஃபேஸ் வரிசை உண்டு. எல்லாவற்றிலும் ஐஇசி 61557-க்கு, அதாவது இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரத்துக்கு, ஏற்றது என்று அச்சடித்திருக்கும். விலை மட்டும் ஆளுக்கொரு திசையில் நிற்கும். ஏன் என்று கேட்டால் ஒருவர் ப்ளூடூத் என்பார், இன்னொருவர் கலர் டிஸ்ப்ளே என்பார். இரண்டும் இல்லை. சின்னச் சின்ன ஓம்களை அளக்கும்போது அந்த மீட்டர் காட்டும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதுவும் முக்கியமாக லூப் அளவில். இந்தக் கட்டுரையின் பாதி அதைப் பற்றித்தான்.

(ஆர்சிசிபி, ஆர்சிபிஓ இரண்டையும் சேர்த்து இங்கே ஆர்சிடி என்றே எழுதுகிறேன். எர்த் கசிவைப் பார்த்து ட்ரிப் ஆகும் கருவி என்று எடுத்துக்கொண்டால் போதும்.)

## கையில் மல்டிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு

மல்டிமீட்டர் பழுது தேடத்தான் நல்லது. வயரிங் பாதுகாப்பாக இருக்கிறதா என்று கையெழுத்துப் போட அது போதாது. காரணங்கள்:

1. மல்டிமீட்டரின் ஓம் அளவில் ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. பஸ்ஸர் சத்தம் கேட்டால் எங்கோ ஒரு தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். எர்த் கம்பியின் கண்டின்யூட்டியை அளக்கும் கருவி குறைந்தது 200 மில்லி ஆம்பியர் ஓட்ட வேண்டும், திறந்த முனையில் அதன் மின்னழுத்தம் 4 முதல் 24 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஐஇசி 61557-4 சொல்கிறது.

2. இன்சுலேஷனை சில வோல்ட் வைத்துச் சோதிக்க முடியாது. ஆணி உரசிய கம்பி, ஈரம் ஏறிய ஜங்ஷன் பாக்ஸ் இதெல்லாம் பேட்டரி வோல்ட்டில் சமர்த்தாக இருக்கும், 500 வோல்ட் டிசி கொடுத்தால்தான் வாயைத் திறக்கும். இந்த வேலைக்கு ஊரெல்லாம் சொல்லும் 'மெக்கர்' உண்மையில் ஒரு கம்பெனியின் பெயர், இப்போது கருவிக்கே பெயராகிவிட்டது.

3. லூப் இம்பீடன்ஸ், ஆர்சிடி ட்ரிப் நேரம் இரண்டும் மின்சாரம் ஓடும்போது எடுக்க வேண்டியவை. மல்டிமீட்டரில் அதற்கு வழியே கிடையாது.

தனித்தனியாக மெக்கர், லூப் டெஸ்டர், ஆர்சிடி டெஸ்டர் என்று மூன்று வாங்கலாமே என்றால், வாங்கலாம். ஒன்று கெட்டால் மற்றதாவது மிஞ்சும் என்ற சௌகரியமும் உண்டு. ஆனால் மூன்று செட் லீடு, மூன்று முறை காலிபரேஷன் (மீட்டர் சரியாக அளக்கிறதா என்று சரிபார்ப்பது), மூன்று பேட்டரிக் கவலை. தினமும் டெஸ்டிங் செய்பவர்கள் ஒரே பெட்டிக்கு மாறுவது இதனால்தான்.

## எண்ணோடு சேர்ந்து வரும் பிழை

எந்த மீட்டரும் காட்டும் எண் ஒரு புள்ளி இல்லை, அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் உண்டு. விவரக் குறிப்பில் ±(3% + 3 டிஜிட்) என்பது போல எழுதியிருக்கும். சதவீதம் புரியும், டிஜிட் என்பதைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை. டிஸ்ப்ளேயின் கடைசி இலக்கத்தில் அத்தனை எண் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது அதன் பொருள். மீட்டர் 0.01 ஓம் வரை காட்டுமானால் 3 டிஜிட் என்பது 0.03 ஓம்.

100 ஓம் அளக்கும்போது இந்த 0.03 தூசு. 0.05 ஓம் அளக்கும்போது அதுதான் எல்லாமே. ஒரு கணக்கு பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மெயின் போர்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே லூப் 0.05 ஓம் என்று காட்டுகிறது. 230 வோல்ட்டை 0.05-ஆல் வகுத்தால் ஷார்ட் ஆனால் ஓடக்கூடிய மின்னோட்டம் 4.6 கிலோ ஆம்பியர். அப்படியானால் 6 கிலோ ஆம்பியர் தாங்கும் எம்சிபி (மின்னோட்டம் அளவை மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) போதும் என்று தோன்றும். ஆனால் அந்த 3 டிஜிட்டைச் சேர்த்தால் உண்மையான மதிப்பு 0.02 முதல் 0.08 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 0.08 என்றால் 2.9 கிலோ ஆம்பியர், 0.02 என்றால் 11.5 கிலோ ஆம்பியர். பிந்தையதில் 10 கிலோ ஆம்பியர் எம்சிபியே தாங்காது. மீட்டர் பெரிய எழுத்தில் 4.60 கிலோ ஆம்பியர் என்று காட்டுவதால் அது உண்மையாகிவிடாது.

இன்னொரு விஷயம். ஐஇசி 61557 தரம் லூப், இன்சுலேஷன், கண்டின்யூட்டி அளவுகளுக்கு வேலை நேரத்துப் பிழை 30 சதவீதம் வரை போகலாம் என்று விட்டுவைத்திருக்கிறது. பேட்டரி இறக்கம், வெப்பநிலை, லைன் மின்னழுத்த மாற்றம் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆக 'தரத்துக்கு ஏற்றது' என்ற முத்திரை, உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு மாதிரி. நல்ல மீட்டர், சுமாரான மீட்டர் இரண்டுக்கும் அது கிடைக்கும். ஒப்பிட வேண்டியது அந்த முத்திரையை அல்ல, ஒவ்வொரு அளவுக்கும் கொடுத்திருக்கும் சதவீதத்தையும் டிஜிட்டையும்.

## லூப்: காசு இங்கேதான் போகிறது

எர்த் லூப் இம்பீடன்ஸ் என்றால் என்ன? ஒரு சாதனத்தின் உலோக உடலில் ஃபேஸ் பட்டுவிட்டால் மின்னோட்டம் ஃபேஸ் கம்பி வழியாக வந்து எர்த் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பும் மொத்தப் பாதையின் தடை. அது குறைவாக இருந்தால் மின்னோட்டம் எகிறும், எம்சிபி உடனே விழும். அதிகமாக இருந்தால் எம்சிபி விழாமல் உலோக உடல் உயிரோடு நிற்கும்.

மீட்டர் அதை அளக்கும் விதம் எளிமையானது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொஞ்ச நேரம் ஒரு லோடைப் போட்டு, மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறது. இறக்கத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் இம்பீடன்ஸ். இதில் இரண்டு முறை உண்டு.

முதலாவது, அதிக மின்னோட்ட முறை. லூப் 0.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியர் ஓட்டினால் 10 வோல்ட் இறங்கும். அதை அளப்பது எந்த மீட்டருக்கும் கஷ்டமில்லை. எண் ஒரு நொடியில் வந்து அசையாமல் நிற்கும். சிக்கல் என்னவென்றால் வழியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி இருந்தால் அது அந்த நொடியே விழுந்துவிடும்.

இரண்டாவது, ட்ரிப் ஆகாத முறை. ஆர்சிடி விழாமல் இருக்க எர்த்தில் 15 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் ஓட்டுவார்கள். அதே 0.5 ஓமில் இப்போது இறங்குவது 7.5 மில்லி வோல்ட். பக்கத்தில் யாரோ ஒரு ஹீட்டரைப் போட்டால் லைனே ஒன்றிரண்டு வோல்ட் ஆடும். அந்த ஆட்டத்துக்கு நடுவே 7.5 மில்லி வோல்ட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். கல்யாண வீட்டு நாதஸ்வரத்துக்கு நடுவே கொசுச் சத்தம் கேட்பது போலத்தான். அதனால்தான் இந்த முறையில் மீட்டர் பல நொடிகள் எடுத்துக்கொண்டு நிறைய மாதிரிகளைச் சேர்த்து சராசரி போடுகிறது, அப்படியும் எண் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறுகிறது. இந்தச் சலசலப்பைச் சமாளிக்கும் திறமையில்தான் நல்ல மீட்டரும் சுமாரான மீட்டரும் பிரிகின்றன. கூடவே, ஆர்சிடியின் உள்ளே இருக்கும் காயிலின் தடை சில மீட்டர்களில் அளவோடு சேர்ந்து வந்துவிடும். ஆர்சிடிக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளந்து பார்த்தால் உங்கள் மீட்டர் எப்படி என்று தெரிந்துவிடும்.

இது முடிவை எப்படி மாற்றுகிறது? சி கர்வ் 32 ஆம்பியர் எம்சிபியை எடுத்துக்கொள்வோம். (தன் மதிப்பில் எத்தனை மடங்கு மின்னோட்டம் ஓடினால் எம்சிபி உடனே விழும் என்பதைச் சொல்வதுதான் கர்வ்.)

1. சி கர்வ் உடனடியாக விழுவதற்கு அதன் மதிப்பில் 10 மடங்கு, அதாவது 320 ஆம்பியர் வேண்டும்.
2. 230 வோல்ட்டில் 5 சதவீதம் குறைத்து வைத்து 320-ஆல் வகுத்தால் அதிகபட்ச லூப் 0.68 ஓம்.
3. அளக்கும்போது கம்பி குளிர்ந்திருக்கும், லோடு ஏறிச் சூடானால் தடை கூடும். அதற்காக 80 சதவீதத்தில் நிறுத்துவது வழக்கம். அப்படியானால் மீட்டரில் 0.55 ஓமுக்கு மேல் வரக்கூடாது.
4. மீட்டர் 0.50 காட்டுகிறது. ட்ரிப் ஆகாத முறையில் பிழை ±(5% + 5 டிஜிட்) என்றால் உண்மை 0.43 முதல் 0.57 வரை. தேறியதா தேறவில்லையா? சொல்ல முடியாது.
5. அதே 0.50-ஐ ±(2% + 2 டிஜிட்) உள்ள அதிக மின்னோட்ட முறையில் எடுத்திருந்தால் 0.47 முதல் 0.53 வரை. தேறியது.

அதே 32 ஆம்பியர் பி கர்வில் இருந்தால் 5 மடங்கு போதும், வரம்பு இரட்டிப்பாகும், இந்தத் தலைவலியே வராது. ஆகவே நீங்கள் செய்வது சின்ன எம்சிபிகளும் பி கர்வும் உள்ள வீட்டு வேலை என்றால் சுமாரான ட்ரிப் ஆகாத லூப் போதும். மோட்டார், பெரிய ஃபீடர், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து போர்டு என்று போகிறவர்களுக்குப் போதாது. மெயின் போர்டில் வேலை செய்பவர்கள் 0.001 ஓம் வரை காட்டும் அதிக மின்னோட்ட லூப் உள்ளதைத் தேட வேண்டும்.

சுற்றுவழி ஒன்றும் இருக்கிறது. ஆர்சிடிக்கு முன்னால், மெயினிலேயே, அதிக மின்னோட்ட முறையில் வெளி லூப்பை அளந்துகொள்ளுங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, அந்த சர்க்யூட்டின் ஃபேஸ் கம்பியும் எர்த் கம்பியும் சேர்ந்த தடையைக் கண்டின்யூட்டியில் எடுத்து இரண்டையும் கூட்டுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு மீட்டர் நீளத்துக்கு 7.41 மில்லி ஓம், 1.5 சதுர மில்லிமீட்டர் 12.1 மில்லி ஓம். ஃபேஸ் 2.5, எர்த் 1.5, நீளம் 20 மீட்டர் என்றால் கணக்குப்படி 0.39 ஓம் வர வேண்டும். 0.40 வந்தால் சரி. 0.70 வந்தால் எங்கோ ஒரு ஸ்க்ரூ இறுகவில்லை. இந்த வழியில் போனால் ட்ரிப் ஆகாத லூப் சுமாராக இருந்தாலும் தப்பித்துவிடலாம், கண்டின்யூட்டி மட்டும் நன்றாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் இதுதான் நல்ல பழக்கம், ஏனென்றால் லூப் டெஸ்டுக்கு முன்னால் எர்த் தொடர்ச்சி உறுதியாகிவிடுகிறது. எர்த் அறுந்து கிடக்கும் இடத்தில் நேராக லூப் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அறுந்த இடத்துக்கு அப்பால் உள்ள உலோக உடல்களில் எல்லாம் அந்த நேரத்துக்கு ஃபேஸ் ஏறிவிடும்.

கண்டின்யூட்டியில் கவனிக்க ஒன்றே ஒன்று: லீடுகளின் சொந்தத் தடையைக் கழிக்கும் வசதி, அதாவது நல் பட்டன். அணைத்துப் போட்டாலும் அந்த மதிப்பை நினைவில் வைத்திருக்க வேண்டும், வைத்திருக்கிறது என்று திரையில் அடையாளமும் காட்ட வேண்டும். லீடு மாற்றியதும் பழைய மதிப்பைக் கழித்துக்கொண்டே போய் பாதி நாள் தப்பான எண்களை எழுதுவது எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடக்கிறது.

## ஆர்சிடி: எந்த டைப் என்று முதலில் பாருங்கள்

30 மில்லி ஆம்பியர் சாதாரண ஆர்சிடி பாதி மின்னோட்டத்தில் விழக்கூடாது, முழு மின்னோட்டத்தில் 300 மில்லி செகண்டுக்குள் விழ வேண்டும், 5 மடங்கில் 40 மில்லி செகண்டுக்குள். அலையின் நேர்ப் பாதியில் தொடங்கினால் ஒரு நேரம், எதிர்ப் பாதியில் தொடங்கினால் வேறு நேரம் வரும் என்பதால் 0, 180 டிகிரி இரண்டிலும் எடுத்து அதிகமானதை எழுத வேண்டும். ஆக ஒரு ஆர்சிடிக்கு ஆறு டெஸ்ட்.

ஆட்டோ டெஸ்ட் என்ற வசதியின் அருமை இங்கேதான் தெரியும். அது இல்லாவிட்டால் சாக்கெட்டில் பட்டனை அழுத்துவது, போர்டுக்கு நடப்பது, ஆர்சிடியைத் தூக்கிவிடுவது, திரும்ப வருவது என்று நாள் முழுக்க நடைப்பயிற்சி. இருந்தால் ஒரு தடவை அழுத்திவிட்டுப் போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்று விழ விழத் தூக்கிவிட்டால் போதும், ஆறும் பதிவாகிவிடும்.

ரேம்ப் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றி எந்த இடத்தில் விழுகிறது என்று காட்டும். காரணமே இல்லாமல் அடிக்கடி விழுகிறது என்ற புகார் வந்தால் இதுதான் துணை. லோடைக் கழற்றிவிட்டு அளந்தால் 22-இல் விழும் ஆர்சிடி, லோடு போட்டதும் 12-இல் விழுகிறது என்றால் ஆர்சிடி நல்லதுதான், சாதனங்கள் 10 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கின்றன.

இப்போது டைப். ஏசி டைப் சாதாரண ஏசி கசிவை மட்டும் பார்க்கும். ஏ டைப் துடிப்பான டிசியையும் பார்க்கும். எஃப் டைப் வேகம் மாறும் மோட்டார் உள்ள சிங்கிள் ஃபேஸ் சாதனங்களுக்கு. பி டைப் வழுவழுப்பான டிசியையும் பிடிக்கும். மின்வண்டி சார்ஜர், சோலார் இன்வர்ட்டர், த்ரீ ஃபேஸ் டிரைவ் இந்தப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு மீட்டரில் பி டைப் டெஸ்ட் இருந்தே ஆக வேண்டும். சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் டிசி உணரும் பகுதி இருந்தால் அதற்கும் தனி டெஸ்ட் உண்டு. இதை வாங்கிய பிறகு சேர்க்க முடியாது, மீட்டரின் ஹார்டுவேரிலேயே இருக்க வேண்டும். இப்போது சார்ஜர் வேலை வரவில்லை என்றாலும், நாலைந்து வருடம் வைத்திருக்கப் போகும் கருவியில் இதை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

## இன்சுலேஷன், எர்த் ராடு

இன்சுலேஷன் பகுதியில் எல்லா மீட்டரும் ஏறக்குறைய ஒன்றுதான். 250, 500, 1000 வோல்ட் மூன்றும் வேண்டும். 500 வோல்ட் வரையிலான சர்க்யூட்டுக்கு 500 வோல்ட் டிசி கொடுத்து குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும், எஸ்இஎல்வி போன்ற தாழ்ந்த மின்னழுத்தத்துக்கு 250 வோல்ட்டில் 0.5 மெகா ஓம். சர்ஜ் அரெஸ்டர் (திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவி) மாட்டிய போர்டில் 500 வோல்ட் கொடுத்தால் அதிலுள்ள வாரிஸ்டர் கடத்த ஆரம்பித்து இன்சுலேஷன் போய்விட்டது போலக் காட்டும். கழற்ற முடியாவிட்டால் 250-இல் எடுக்கலாம் என்பதால்தான் அந்த 250. முடிந்ததும் கேபிளில் தங்கிய சார்ஜை மீட்டரே இறக்கிவிட்டு, இறங்குவதைத் திரையில் காட்ட வேண்டும். நீளமான கேபிளில் கை வைத்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

எர்த் ராடு நட்டு அளக்கும் வேலை இருந்தால் மட்டும் மூன்று முனை எர்த் டெஸ்ட் உள்ளதை எடுங்கள். எப்போதாவது என்றால் தனி எர்த் டெஸ்டரைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

## கையில் பிடிக்கும் பகுதி

மீட்டரும் லீடும் எந்த இடம் வரை பாதுகாப்பானவை என்பதைச் சொல்லும் வகைதான் கேட். கேட் 3 என்பது டிஸ்ட்ரிப்யூஷன் போர்டும் அதற்குப் பின்னுள்ள நிரந்தர வயரிங்கும். கேட் 4 என்பது மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் இடம், மீட்டர் போர்டு, சர்வீஸ் கேபிள். மேலே போகப் போக ஷார்ட் ஆனால் வெடிக்கும் சக்தி அதிகம். மீட்டரில் கேட் 4 300 வோல்ட் என்று இருந்து, மாட்டியிருக்கும் லீடு கேட் 2 என்றால் மொத்தமும் கேட் 2 தான். பழைய லீடைப் புது மீட்டரில் செருகுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ப்ரோப் முனையில் உலோகம் சில மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரிய வேண்டும், ஃப்யூஸ் உள்ள லீடு நல்லது.

ப்ரோப்பிலேயே டெஸ்ட் பட்டன் இருப்பது ஆடம்பரம் மாதிரித் தோன்றும். ஏணி மேல் ஒரு கையில் ஃபேஸ் ப்ரோப், மறு கையில் எர்த் ப்ரோப் பிடித்து நின்று பார்த்தால் மூன்றாவது கைக்கு எங்கே போவது என்று புரியும்.

ப்ளூடூத், மெமரி பற்றிச் சுருக்கமாக: நாளுக்கு ஐம்பது சர்க்யூட் செய்து அறிக்கை கொடுப்பவர்களுக்கு நேரம் மிச்சம். வாரத்துக்கு ஒன்று என்றால் நோட்டுப் புத்தகம் போதும்.

## வாங்கும் நேரத்தில்

1. பழைய மீட்டர் என்றால் காலிபரேஷன் சான்றிதழைக் கேளுங்கள். 'பாஸ்' என்று மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை, ஒவ்வொரு அளவிலும் எவ்வளவு விலகல் என்ற எண் வேண்டும்.
2. காலிபரேஷனுக்கு எங்கே அனுப்ப வேண்டும், எத்தனை நாள் மீட்டர் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை வரும் விஷயம் இது.
3. சாதாரண ஏஏ பேட்டரியிலும் ஓடுமா என்று பாருங்கள். வேலை நடுவே சார்ஜ் தீர்ந்தால் பக்கத்துக் கடைதான் கதி.
4. கையில் கொடுத்தால், ஆர்சிடிக்குப் பின்னால் உள்ள ஒரே சாக்கெட்டில் ட்ரிப் ஆகாத லூப்பைப் பத்துத் தடவை எடுத்துப் பாருங்கள். பத்தும் 0.02, 0.03 ஓமுக்குள் நின்றால் நல்ல மீட்டர். 0.41, 0.58, 0.36 என்று குதித்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். வாங்கிய பிறகும் அதே மாதிரி ஒரு சாக்கெட்டைக் குறித்து வைத்துக்கொண்டு மாதம் ஒரு தடவை அளந்து எழுதி வாருங்கள். எண் ஒரே பக்கமாக நகர ஆரம்பித்தால், காலிபரேஷன் தேதி வரும் வரை காத்திருக்க வேண்டாம்.